ஒட்டிக் கொடுத்த கவர்

இந்த வருஷமும் ஐப்பசி பிறந்ததும் காய்ச்சல் வந்துவிட்டது. முதலில் மழை, பின்னாலேயே கொசு, அதற்குப் பின்னால் இருமல் என்று எங்கள் ஊரில் எல்லாம் வரிசையாகத்தான் வரும். இப்போது வருவது பெரும்பாலும் ஃப்ளூ. மூன்று நாள் அடித்துப் போடும், நான்காம் நாள் இறங்கிவிடும். இறங்காதவர்களை டாக்டர்கள் என்னிடம் அனுப்புகிறார்கள். துண்டுச் சீட்டில் ‘நெஞ்சு ஸ்கேன்’ என்று எழுதியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள். முன்வாசல் கர்ப்பிணிகளுக்கு.

நான் ஸ்கேன் டாக்டர். காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில், ஒரு சந்துக்குள், இருபத்து மூன்று வருஷமாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அறையில் எப்போதும் பாதி இருட்டு. உடம்பில் வைத்துப் பார்க்கும் புரோபை வலது கையில் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை தேய்ந்துபோய், தலை வார இடது கையைத்தான் தூக்குகிறேன். மருத்துவர்கள் தங்களுக்கு அலுத்துவிட்டது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் எனக்கு அலுத்துத்தான் விட்டது.

என்னிடம் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கும் உதவியாளர் கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். வயது நாற்பதுக்குள்தான். ஆனால் என்னை மேய்ப்பதில் என் மாமியாரையே மிஞ்சியவர். போன வாரம் அவர் சொன்னார்: “நீங்க இப்பல்லாம் ரொம்பப் பேசுறீங்க மேடம். ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் பேசுனா எத்தனை பேரைப் பார்க்குறது?”

உண்மைதான். நெஞ்சு ஸ்கேன் பண்ணும்போதே என்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறேன். திரையைத் திருப்பிக் காட்டுகிறேன். கேட்காதவர்களையும் உட்கார வைத்துச் சொல்கிறேன். என் ஆயுசில் முக்கால்வாசி நான் இப்படி இல்லை.

எங்கள் தொழிலில் முதலில் பழகுவது முகத்தை வைத்துக்கொள்வதைத்தான். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்பது சட்டம். ‘சொல்வது குற்றம்’ என்று என் தலைக்கு மேலேயே போர்டு மாட்டியிருக்கிறது. போர்டை யார் படிக்கிறார்கள்? எல்லோரும் என் முகத்தைத்தான் படிப்பார்கள். நான் லேசாகச் சிரித்தால் பையன் என்று கேக் வெட்டுவார்கள். புருவத்தைச் சுருக்கினால் வெளியே போய் அந்தப் பெண்ணைக் கரித்துக் கொட்டுவார்கள். இது இரண்டும் நடந்திருக்கிறது. அதனால் முகத்தை மரக்கட்டையாக்கிக்கொண்டேன். திரை என் பக்கம், ரிப்போர்ட் கவருக்குள், கவர் பசை போட்டு ஒட்டி, மேலே டாக்டர் பெயர். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில், “டாக்டர்கிட்ட காட்டுங்க.”

கவரை ஒட்டியதற்கும் காரணம் உண்டு. ரிப்போர்ட்டில் ஆண் பெண் எழுத மாட்டோம், ஆனாலும் வீட்டில் பிரித்து, பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணைப் படிக்கச் சொல்லி, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்பதைக் குழந்தை செத்துவிட்டது என்று புரிந்துகொண்டு ஒரு குடும்பமே என் வாசலில் வந்து ஒப்பாரி வைத்தது. அதற்குப் பிறகு, பிரித்த கவரோடு யார் வந்தாலும் கத்துவேன். நன்றாகவே கத்துவேன். ‘அந்த டாக்டரம்மா கவரைப் பிரிச்சா கடிச்சிடும்’ என்று ஊரில் பெயர் வாங்கினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கொரோனா இரண்டாவது அலையில்தான் நெஞ்சு ஸ்கேன் என் தலையில் விழுந்தது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஊரடங்கு போட்டால் பால் வாங்கப் போவதற்கே எல்லை குறுக்கே வரும். சி.டி. எடுக்கிற இடத்திலெல்லாம் வரிசை. வெளியூரில் எடுக்கலாம் என்றால் செக்போஸ்டில் பாஸ் கேட்டார்கள். அப்போதுதான் ஊரில் நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டர் எனக்குப் போன் பண்ணினார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

“அக்கா, உங்க மெஷின்ல லங்ஸைப் பார்த்துச் சொல்லுங்களேன். வெளிநாட்டுல எல்லாம் பார்க்குறாங்க.”

“தம்பி, லங்ஸ்ல காத்து இருக்கு. காத்துக்குள்ள அல்ட்ராசவுண்ட் போகாது. முதல் வருஷப் பாடம்.”

“நல்ல லங்ஸ்லதான் போகாதுக்கா. கெட்டுப்போன லங்ஸ்ல போகும்.”

அவர் சொன்னது சரி. இரண்டு நாள் வீடியோ பார்த்தேன். முதலில் என் நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் உதவியாளர் முதுகில். நல்ல நுரையீரல் என்றால், விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு மூச்சுக்கு மூச்சு வழுக்கிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே ரூல் போட்ட நோட்டு மாதிரி படுக்கைக் கோடுகள் தெரியும். கிருமி உள்ளே புகுந்துவிட்டால் படுக்கைக் கோடுகள் காணாமல் போய், மேலிருந்து கீழே நெடுக்காக வெள்ளைக் கோடுகள் இறங்கும். ஒன்றிரண்டு என்றால் பயமில்லை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து திரையே வெளுத்துப்போனால் பயம். ஒரு பக்கத்துக்கு ஆறு இடம், மொத்தம் பன்னிரண்டு. இடத்துக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். மொத்தம் முப்பத்தாறு, அதில் எவ்வளவு கூட வருகிறதோ அவ்வளவு மோசம். இந்தக் கிருமி முதலில் உட்காருவது முதுகுப் பக்கம் என்பதால், ஆட்களை ஸ்டூலில் எனக்கு முதுகு காட்டி உட்கார வைப்பேன்.

மெஷினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று பலர் கேட்டார்கள். முடியாது. ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்கிற அதே சட்டம்தான். எந்த மெஷின் எந்த அறையில் இருக்கிறது என்று பதிவு இருக்கிறது, வாசலைத் தாண்டினால் கேஸ். அனுமதிக்கு எழுதிப் போட்டேன். பதில் வருவதற்குள் அலையே முடிந்துவிட்டது. ஆகவே காய்ச்சல்காரர்கள் என்னிடம் வந்தார்கள். காலையில் கர்ப்பிணிகள், மதியத்துக்கு மேல் இவர்கள். கத்திரி வெயிலில், ஏசி போடக்கூடாது என்று ஜன்னலைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் உடுப்புக்குள் நான் வெந்துகொண்டிருப்பேன். உடுப்பைக் கழற்றினால் கணுக்காலில் வியர்வை வழிந்து நிற்கும். புரோபை ஒவ்வொரு ஆளுக்கும் துடைத்து, பிளாஸ்டிக் உறை மாற்றி, ஜெல் போட்டு, மறுபடி பன்னிரண்டு இடம். ஒரு நாளைக்குப் பதினெட்டு, பத்தொன்பது பேர்.

அவர்களுக்கும் அதே கவர்தான். அதே பசை, அதே மரக்கட்டை முகம், அதே “டாக்டர்கிட்ட காட்டுங்க.” அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பெண் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பிள்ளைகளுக்கும் என்னிடம்தான் ஸ்கேன் எடுத்தாள். புருஷனுக்கு வளைகுடாவில் கடையில் வேலை. லீவில் வந்தவர் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். அதனால் லீவுக்கு வந்தாலும் அவர் இருப்பது மனைவி வீட்டில். அவருடைய அம்மா இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

“மச்சானுக்கு ஆறு நாளா காய்ச்சல்ங்க டாக்டரம்மா,” என்றாள், புருஷனைக் காட்டி. “சாப்பாடு இறங்கலை. மத்தபடி மூச்செல்லாம் நல்லாத்தான் விடுறாங்க.”

அவர் நன்றாகத்தான் இருந்தார், பார்க்க. அவரே சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். சுவரில் தொட்டிலும் குழந்தையுமாகத் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு, “என்னங்க டாக்டர், எனக்கு எத்தனையாவது மாசம்னு பார்க்கப் போறீங்களா?” என்றார். அந்த அலையில் என்னிடம் வந்த ஆம்பிளைகள் பாதிப் பேர் இதையே சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது.

அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். புரோபை வலது தோள்பட்டைக்குக் கீழே வைத்தேன். வெளுத்திருந்தது. இன்னும் இரண்டு விரல் கீழே வைத்தேன். அங்கேயும் அப்படித்தான். இடது பக்கமும் அதே. வழுக்க வேண்டிய கோடு அங்கங்கே அறுந்து, அதற்கடியில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக நுரையீரல் கெட்டியாகியிருந்தது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் பாக்கி. கூட்டிப் பார்த்தேன், முப்பத்தாறுக்கு இருபத்தாறு. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் இந்த மனிதன் ஜோக் அடித்திருக்கிறார்.

அவள் மூலையில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். மூன்றாவது பிள்ளைக்கு ஏழாம் மாசம் வந்தபோது அவள் கேட்டாள். முதல் இரண்டும் பெண். வெளிநாட்டிலிருந்து போன் பண்ணிப் பண்ணிக் கேட்கிறார்கள் என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். நான் அவளை ஹாலில் எல்லோர் முன்னாலும் வைத்துக் கத்தினேன். கேட்கவும் கூடாது, கவரைப் பிரிக்கவும் கூடாது, பிரித்தால் அடுத்த தடவை இந்தப் பக்கம் வராதே என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். நானே பழக்கிவிட்ட பெண் அவள்.

ரிப்போர்ட்டை எழுதினேன். இரண்டு பக்கமும் கடுமையான பாதிப்பு, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதினேன். உதவியாளர் கவரில் போட்டு ஒட்டினார். நான் அவளிடம் கொடுத்து, “டாக்டர்கிட்ட காட்டுங்க,” என்றேன்.

“இன்னைக்கே” என்று சேர்த்துச் சொன்னேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமே பண்ணியிருப்பேன். ஒருநாள் உதவியாளரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் புரோபைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, “இல்ல மேடம்,” என்றார். “டாக்டர்கிட்ட காட்டுங்க, அடுத்த ஆளை வரச் சொல்லுன்னுதான் சொன்னீங்க.” அவருக்குப் பொய் சொல்ல வராது. அந்த விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

அவர்கள் போனதும் நெஞ்சு டாக்டருக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. அப்புறம் அடிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்தாயிற்று. அன்றைக்குப் பத்தொன்பது பேர். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிப்போனேன். டாக்டருக்கும் அன்று காலையிலேயே காய்ச்சல் கண்டு, போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தாள், தனியாக. கையில் அதே கவர். ஓரமெல்லாம் வியர்வையில் நனைந்து மெத்தென்று ஆகியிருந்தது. ஆனால் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

“டாக்டர் கிளினிக் பூட்டியே கிடக்குங்க. மூணு நாளா காலைலயும் சாயந்திரமும் போய்ப் பார்க்குறேன். அவங்களுக்கே உடம்பு சரியில்லையாம். இதை வேற யார்கிட்ட காட்டலாம்னு உங்கள்ட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அவர் எப்படியிருக்கார்?”

“நேத்துலேருந்து பேசுறதுக்கு அசதியா இருக்குன்னு பேச மாட்டேங்குறாங்க. தூங்கிட்டே இருக்காங்க.”

“கவரைப் பிரிச்சுப் பார்க்கலையாம்மா?”

“இல்லைங்க டாக்டரம்மா. பிரிக்கவே இல்லை. நீங்கதான் பிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே.” சொல்லிவிட்டு, நான் பார்ப்பதற்காகக் கவரைத் திருப்பி ஒட்டிய பக்கத்தைக் காட்டினாள். சொன்னபடி செய்த பிள்ளையின் முகம் அவளுக்கு.

நான் அவள் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தேன். எதற்குக் கிழித்தேன் என்று தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. என் கையெழுத்தை நானே நின்று படித்தேன். அப்புறம் சொன்னேன், நுரையீரல் ரெண்டும் மோசமாயிருக்கு, இப்பவே ஆக்ஸிஜன் வேணும், ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று. உதவியாளர் அதற்குள் ஆம்புலன்சுக்கு அடித்துவிட்டார். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடினாள். வாசலில் ஒரு காலில் தன் செருப்பையும் மற்றதில் என்னுடையதையும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் நான் கிளம்பும்போதுதான் அது தெரிந்தது.

அவரை ஆம்புலன்சில் ஏற்றியபோது விரல் கருவி எழுபத்தெட்டு காட்டியதாம். முதலில் ஊர் ஆஸ்பத்திரி, அப்புறம் படுக்கை கிடைத்த வேறு ஊர். நான் தினமும் யாரையாவது பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பரவாயில்லை என்பார்கள், மறுநாள் குழாய் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். பதினோராவது நாள் அவர் போய்விட்டார். செய்தியை உதவியாளர்தான் சொன்னார். அப்போது உள்ளே ஒரு பெண் ஐந்தாம் மாசத்து ஸ்கேனுக்குப் படுத்திருந்தாள். குழந்தையின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தவள் விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

நெஞ்சு ஸ்கேனுக்குக் கவர் ஒட்டுவதை அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டேன். வாயைத் திறந்து சொல்ல ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் எனக்குச் சொல்லவே வரவில்லை. இருபது வருஷம் மூடியிருந்த வாய், எங்கே மெதுவாகச் சொல்ல வேண்டும், எங்கே அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. போலகத்திலிருந்து வந்த ஒரு விவசாயியிடம், “இப்படியே வீட்டுக்குப் போனீங்கன்னா பொழைக்க மாட்டீங்க,” என்று பச்சையாகச் சொல்லிவிட்டேன். “சாகடிக்கிறதுக்குன்னே உக்காந்திருக்கீங்களா?” என்று அவர் என்மேல் பாய்ந்தார். கோபத்தோடேயே போய் அட்மிட் ஆனார். இருபது நாளில் எழுந்து நடமாடினார். இன்றைக்கும் உரக்கடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் வாய் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

நெஞ்சு டாக்டர் தேறி வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அக்கா, அன்னிக்கே சேர்த்திருந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றார். “அந்த வாரம் பெட்டே இல்லையே. எங்கே சேர்த்திருப்பீங்க? அதுவும் லங்ஸ் அவ்வளவு போன பிறகு.” அவர் எனக்காகச் சொல்கிறாரா, உண்மையையே சொல்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் முழுக்க அது எனக்கு ஆறுதலாக இருந்தது. மறுநாள் இல்லை.

அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. புருஷன் இறந்தால் அவர்களில் பெண்கள் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டோடு இருப்பார்கள், இத்தா என்பார்கள். பெண்கள் போய்ப் பார்க்கத் தடையொன்றும் இல்லை. ஆனால் எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. இத்தாவில் இருக்கிறாள், தொந்தரவு பண்ணக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அது முடிந்தால் வருவாள் என்று தெரியும். வந்து கத்துவாள், அல்லது அழுவாள், இரண்டில் எதுவானாலும் எனக்குத் தகும் என்று நினைத்தேன்.

புரட்டாசி கடைசியில் வந்தாள். முன்வாசல் வழியாக, காலை நேரத்தில், கர்ப்பிணிகளோடு ஒருத்தியாக டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். படுக்கையின் ஓரத்தில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“வாம்மா,” என்றேன்.

“டாக்டரம்மா, எனக்கு ஒரு உதவி செய்யணும். மாமி வந்திருக்காங்க, வெளில உக்காந்திருக்காங்க.” மாமி என்றது மாமியாரை, இறந்தவரின் அம்மாவை. “மூணு நாளு பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேன்னு சொல்றாங்க. எம்புள்ளைய உன் வூட்டுக்கு அனுப்புனேன், நல்லாப் பார்த்துக்கிட்டியேன்னு சொல்றாங்க. அவங்க மவுத்தான அன்னைக்குச் சொன்னாங்க, அதுக்கப்புறம் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றாங்க. டாக்டரம்மாதான் பிரிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. எந்த டாக்டராவது அப்படிச் சொல்லுவாங்களான்னு கேக்குறாங்க. இத்தா முடியட்டும், கூட்டிக்கிட்டு வந்து உங்க வாயால கேக்க வெக்கிறேன்னு சொன்னேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்க.”

நாலு மாசம் பத்து நாள் அவள் இதை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அவள் கோபத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. அவளுக்கு நான் சாட்சி, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கத்தியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

“உள்ள கூட்டிட்டு வரட்டுமா மேடம்?” என்று உதவியாளர் கேட்டார்.

“மாமிக்கு முட்டி வலி. உக்காந்தா எழுந்திருக்க முடியாதுங்க,” என்றாள் அவள்.

நான் வெளியே வந்தேன். ஹாலில் எட்டு ஒன்பது கர்ப்பிணிகள், அவர்களோடு வந்தவர்கள். மின்விசிறிக்குக் கீழே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். நான் ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். மாஸ்க்கைக் கீழே இறக்கினேன்.

“நான்தாம்மா உங்க மகனை ஸ்கேன் பண்ணினவள். செவ்வாய்க்கிழமையே அவருக்கு ரொம்ப மோசம்னு எனக்குத் தெரிஞ்சுது. வாயால சொல்லலை. எழுதிக் கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்துட்டேன். கவரைப் பிரிக்கக்கூடாதுன்னு உங்க மருமகளை முன்னாடியே திட்டியிருக்கேன். அதனாலதான் பிரிக்கலை. மூணு நாளும் ரெண்டு வேளையும் டாக்டர் வாசல்ல போய் நின்னிருக்கா. தப்பு அவ மேல இல்லை. என் மேலதான்.”

ஹாலில் வயிற்றில் கையை வைத்தபடி கர்ப்பிணி ஒருத்தி என்னையே பார்த்தாள். அந்தப் பெண்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது.

அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மருமகளைப் பார்க்காமலே, “உக்காரு,” என்றார். அவள் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா பொழச்சிருப்பானாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் நான் நாலு மாசமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பொழைத்திருப்பார் என்றால், அந்த மூன்று நாளை இந்த அம்மா சாகிறவரை எண்ணிக்கொண்டிருப்பார். பொழைத்திருக்க மாட்டார் என்றால், நான் தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னதாக ஆகிவிடும். எது உண்மை என்றும் எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்த இருபத்தாறும் எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை எழுபத்தெட்டும் தெரியும். நடுவில் ஆக்ஸிஜன் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தத் திரையிலும் தெரியாது.

“தெரியலைம்மா,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணை, வாயை, நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சா சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மறுபடி அதையேதான் சொன்னேன். அவர் நம்பவில்லை.